இந்.

சிலியிலிருந்து வந்திருந்தது கடிதம்.
அன்டோஃபகாஸ்டாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை,
குழாய்களுக்குப் பொறுப்பான பொறியாளர்.
பிறந்தது இங்கே, மிச்சிகன், ஹோட்டன்.
பெயர் கர்ட் ட்ரெவார்த்தா.
அதற்குள் ஒரு வார்த்தை ஒளிந்திருப்பதை
அவர் அறிய வழியில்லை.

கேள்வி இதுதான்.
பூட்டன் எலாயஸ், சுரங்கப் பொறியாளர்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில்
வீட்டைவிட்டுப் போனவர் எங்கே போனார்?
மூன்று தலைமுறையாகத் தேடுகிறோம், இந்தியானாவில்.
ஓர்கன் என்று அங்கே ஊரே இல்லை என்கிறார்கள்.

சிவப்பு மணற்கல் கோர்ட்டின் கீழ்த்தளத்தில்
எனக்கு ஒரு ஜன்னல் உண்டு.
பாதி உயரத்துக்குப் பனி மூடியிருக்கும்.
என் பெயர் இளவேனில்.
நவம்பர் முதல் மே வரை
அதற்கு இந்த ஊரில் வேலை இல்லை.
மேசைப் பலகையில் இருப்பது அப்பா பெயர்.
மிஸ் ஆரங்கானல், என்று கூப்பிடுவார்கள்.
அரங்கண்ணல் செத்துப் பதினோரு வருஷம்.

விவாகரத்து மனு, கட்டு எண் முப்பத்தேழு.
மனுதாரர் மார்த்தா. கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.
பணம் வருவது நின்று பதினெட்டு மாதம்.
எதிர்மனுதாரர் கடைசியாகத் தெரிந்த இடம்:
அங்கேதான் குமாஸ்தா பேனாவை அதிகம் நனைத்துவிட்டார்.
முதல் இரண்டு எழுத்தும் ஒட்டிக் கிடந்தன.
கமா. பிறகு மூன்றெழுத்து, ஒரு புள்ளி.
இந்.
மை மிச்சம் பிடித்திருக்கிறார் மனுஷன்.

நான் ஜோலார்பேட்டைக்காரி.
பங்காருப்பேட்டையில் பிரியும் கிளைப்பாதையை
வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன்:
கோரமண்டல், ஊர்கம், சாம்பியன், மாரிக்குப்பம்.
இத்தனை மைல் தள்ளி வந்து
இந்த ஜில்லாவிலேயே அந்தக் கறையைப் படிக்கத் தெரிந்தவள்
நான் ஒருத்திதான் என்பது
சம்பள உயர்வுக்கு உதவாது.

போன் போட்டேன். அந்தப் பக்கம் காற்று இரைந்தது.
இந்தியானா இல்லை, என்றேன்.
பின்னே?
இன்னும் கொஞ்சம் கிழக்கே.

சொன்னேன். தங்கச் சுரங்கம். ஊர்கம்.
காற்று மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
அவர் அங்கே யார் யாரைக் குழிக்குள் இறக்கினார் என்று
அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
இறங்கினவர்களில் எங்கள் பக்கத்து ஆட்களும் இருந்திருப்பார்கள்.
தலைமுறைக்குத் தலைமுறை மாறும் ஒற்றை முன்னெழுத்தை வைத்து
அவர்களை எந்தக் கட்டில் தேடுவது?

திரும்பி வந்தாரா, என்றார்.
எங்கள் ஏட்டில் பிறந்ததற்குக் கட்டம் உண்டு.
மணந்ததற்கு, பிரிந்ததற்கு, இறந்ததற்கு.
திரும்பி வந்ததற்கு யாரும் கோடு போட்டு வைக்கவில்லை.
இறப்புப் பகுதியில் அவர் பெயர் இல்லை.
அவ்வளவுதான் சொல்ல முடியும், என்றேன்.

அடுத்துக் கேட்டது என் வேலைக்கு வெளியே.
பாலத்துக்கு அந்தப்புறம், ஹான்காக்கில்,
தாயோடு இருக்கிறாளாம் மகள் ஹேட்டி. ஐந்தாம் வகுப்பு.
பள்ளிக்கூடத்து ஃபாரத்தில் அப்பா இருக்குமிடம் என்ற இடத்தில்
அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று
பார்த்துச் சொல்ல முடியுமா?
அது வேறு அலுவலகம், என்றேன்.
உண்மைதான், அது வேறு அலுவலகம்.

நகல் எடுத்து முத்திரை அழுத்தினேன். பத்து டாலர்.
குறிப்பு என்ற இடத்தில்
நாட்டின் பெயரைச் சுருக்காமல் எழுதி
ஊரையும் ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து எழுதினேன்.
பிறகு, யாரும் கேட்காமலே,
அன்டோஃபகாஸ்டாவையும் உறைமேல் முழுசாக எழுதினேன்.
உறை கொள்ளவில்லை; கடைசி எழுத்துகள்
ஓரத்தில் மடங்கிக் கீழே இறங்கின.

வெளியே பனி வாரும் வண்டி
நேற்று வாரிய இடத்தையே வாரிக்கொண்டிருந்தது.
வரிசையில் அடுத்து நின்றவர்
என் அப்பாவைக் கூப்பிட்டார்.
நான்தான் போனேன்.