ஏழு விழுக்காடு

காங்கயம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
என் மேசை.
இருபத்திரண்டு வருஷமாய்
எது யாருக்கு என்று எழுதித் தருகிறேன்.
கிணற்றில் நாலில் ஒரு பங்கு,
வண்டித்தடத்தில் போக வர பாத்தியம்,
தென்னை பதினேழு, வேம்பு ஒன்று:
எல்லாவற்றுக்கும் என்னிடம் வாசகம் உண்டு.

துளசிமணி பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள்.
வாடிய வெள்ளரளி.
"மலையில பூக் கேட்டோமுங்க.
ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு.
யாரோ ஒரு கொழந்தை எடுத்துக் குடுத்துச்சு.
வெள்ளை வந்துருச்சுங்க."

எஸ்தர் மலை ஏறவில்லை.
அடிவாரத்தில் மொபெட் மேல் உட்கார்ந்து
நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாளாம்.
அவள் சபையில் கேட்டதற்குப் போதகர்
ஜெபித்துச் சொல்கிறேன் என்றார்.
எட்டு மாதமாக ஜெபிக்கிறார்.

"ஆண்டவன் ஒத்துக்கிட்டான்.
இனி நீங்கதான் கல்யாணப் பத்திரம் எழுதோணும்."

களத்தில் பருப்பு காய்கிற எண்ணெய் நெடி
ஒருத்தியின் சேலையிலும்
இன்னொருத்தியின் சுடிதாரிலும் ஒன்றுபோல.

நான் சொன்னேன்:
அம்மிணி, எங்கள் படிவத்தில் பூவுக்குக் கட்டம் கிடையாது.
கிடையாததும் நல்லதுதான்.
எங்கப்பன் அம்மாவுக்கு அறுபத்தெட்டில் கல்யாணம்.
புரோகிதர் இல்லை, அருமைக்காரர் இல்லை, தீயும் இல்லை.
ரெண்டு மாலை, ஒரு மைக்செட், நாலு பேர் பேச்சு.
அது செல்லும் என்று சட்டம் வந்த வருஷம்.
சாமி பார்க்காத கல்யாணம் வெளங்காது என்று
பெரியப்பா கை நனைக்காமல் போய்விட்டார்.
வெளங்கியது.
நானும் மூணு தங்கச்சிகளும் அதற்குச் சாட்சி.

உங்கள் வெள்ளையை நான் வாங்கிக்கொண்டால்
நாளைக்கு ஒருத்தன் சிவப்போடு வருவான்.
அவனுக்கும் இதே நாற்காலியைப் போட வேண்டும்.

துளசிமணி தலையைக் குனிந்துகொண்டாள்.
எஸ்தர்தான் கேட்டாள், சண்டை போடாமல்,
விலை விசாரிக்கிற மாதிரி:
"சரிங்க. பூவுக்கு எடமில்ல.
எங்களை வேண்டாங்கறப்ப மட்டும்
பண்பாடு, வழிவழியா வந்ததுன்னு சொல்றாங்களே,
அதை எந்தப் பொட்டலத்துல இருந்து எடுத்தாங்க?"

பேனா மூடியைக் கழற்றினேன்.
மறுபடி மாட்டினேன்.
இளநீர்க்காரன் வெட்டுகிற சத்தம் மட்டும்.

அப்புறம் என்னிடம் இருந்ததை எடுத்து வைத்தேன்.
உயில். பொது அதிகாரம். தான செட்டில்மென்ட்.
துளசிமணி பேரில் இருக்கிற மூணே கால் சென்ட் வீட்டில்
சரிபாதி எஸ்தருக்கு.
குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஒன்று.
அந்நியர் என்றால் ஏழு.
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினேன்.

பதினோரு வருஷம் ஒரே குக்கரில் உண்டவர்கள்
அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.
கூடுதல் ஆறும்
சிவப்புப் பூவின் விலை என்று எனக்குப் பட்டது.
சொல்லவில்லை.

சீட்டு எடுத்த பணம்.
துளசிமணி எச்சில் தொட்டு எண்ணினாள்.
கிழிந்த ஒரு நோட்டை
எஸ்தர் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு
வேறு கொடுத்தாள்.

உறவு என்கிற இடத்தில்
'இல்லை' என்று போட்டேன். போட்டுத்தான் ஆக வேண்டும்.
அடுத்த வரி எல்லாத் தான பத்திரத்திலும்
அச்சாகவே வருவது:
தங்கள் மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்.
முகம் பார்க்காத அண்ணன் தம்பிக்கும் அதை அடித்திருக்கிறேன்,
மாமனாரை மிரட்டி வாங்கிய மருமகனுக்கும்.
இன்றைக்குத்தான்
அதை ஒருதரம் வாசித்துப் பார்த்தேன்.

"டோக்கன் முப்பத்தொண்ணு!"

எழுந்தார்கள். பூவை மறந்து போனாள்.
கூப்பிட்டு, காகிதத்தோடு மடித்துக் கொடுத்தேன்.
இது வீட்டுக்குங்க அம்மிணி,
உள்ளே கொண்டு போகாதீங்க.

"தெரியுமுங்க" என்று வாங்கிக்கொண்டாள் எஸ்தர்,
மலை ஏறாதவள்.