கழுவாத பஸ்

மொடலைப் பிரித்து விரித்தால்
பஸ், உரித்த ஆட்டுத்தோல்:
கூரை ஓரிடம், கதவு ஓரிடம்,
பின்கண்ணாடி தலைகீழாய் மூலையில்.

சிவப்பை அழித்து நீலம் ஊற்றினேன்.
மல்லாவியில் காலை ஐந்தே முக்காலுக்கு
வவுனியாவுக்கு வெளிக்கிடும் பஸ்ஸின் நீலம்,
வெயில் தின்றது போக மிச்சம்.

இடப்பக்கம் ஊர்ப்பேர் சரி.
வலப்பக்கம் எழுத்தெல்லாம்
முகம் திருப்பிக்கொண்டு நின்றன.
இரண்டு பக்கத்துக்கும் ஒரே தோலாம்.
வெட்டி, வேறாக்கி, ஒட்டுவதற்குள்
கரண்ட் போய்விட்டது.

பிறகு புழுதி.
நிறப்பெட்டியில் இருந்த பழுப்பு ஒன்றும் ஒத்துவரவில்லை.
பஸ்ராண்டுக்குப் போய்
மட்காட்டைப் போனில் படம் பிடித்து
அந்த நிறத்தையே கிள்ளி எடுத்தேன்.
சில்லில் அடர்த்தியாய்த் தொடங்கி
யன்னலடியில் இல்லாமல் போகிற மாதிரி.
அதற்கே மூன்று இரவு.

கொண்டக்டர் தயாநிதியண்ணைக்குக் காட்டினேன்.
நசுங்கிய பம்பரைக் கண்டு சிரித்தார்.
புழுதியில் விரல் வைத்துத்
திரையைத் தேய்த்துப் பார்த்தார்.
"இதிலயாவது கழுவி விடடா."

கழுவி, இன்னொரு கோப்பாய்ச் சேமித்தேன்.
இப்போது
பம்பரின் நசுங்கல்தான்
முன்னைவிடத் துலக்கமாய்த் தெரிகிறது.
அண்ணை இன்னும் பார்க்கவில்லை.