உபரி

இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கியபோது
மீந்துபோன பள்ளி இது.
குவீன்ஸ்டவுனில், எம்ஆர்டி தண்டவாளத்துக்குப் பின்னால்.
கோப்பில் இதன் பெயர் உபரி.

மீந்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைப்போமே,
என் வேலையும் ஏறக்குறைய அதுதான்.
மாதத்தின் முதல் செவ்வாய்
அறுபத்து மூன்று சாவிகளோடு வருகிறேன்.
எண்கள் உதிர்ந்துவிட்டன,
மூன்றா எட்டா என்று
தடவித்தான் திறக்க வேண்டும்.

இருபத்தாறு கழிப்பறைகள்.
வளைகுழாயில் நீர் வற்றினால்
சாக்கடையின் மூச்சு மேலே ஏறிவிடும்.
ஆகவே யாரும் போகாத இடத்தில்
ஒவ்வொன்றாகத் தண்ணீர் இறக்குகிறேன்.
குழாய்கள் முதலில் இருமும்,
பிறகு துருவைத் துப்பும்,
பிறகு ஒன்றும் அறியாததுபோல் தெளியும்.
கூரையில் இருபது காசு அகலத்துக்கு
நீர் நின்றாலும் கொசுவுக்கு அது குளம்.
ஏணி போட்டுத் துடைக்கிறேன்.

வாசலில் நான்கு மொழிப் பலகை.
அரசு நிலம், அத்துமீரி நுழையாதீர்.
அந்த 'ரி'யைப் பற்றி
மூன்று முறை எழுதினேன்.
இடத்தின் எதிர்காலம் முடிவானதும்
பலகையையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.
ஏழு வருடமாக
இடமும் எழுத்தும் காத்திருக்கின்றன.

பிப்ரவரியில்
சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் ஓர் அத்துமீறல்.
பாண்டான், சின்ன மிளகாய், செராய்,
வேலியோடு நீல ராஃபியா கயிற்றில் கட்டிய பாகற்கொடி.
படம் எடுத்தேன், படிவம் நிரப்பினேன்,
பதினான்கு நாள் கெடு என்று
காகிதம் ஒட்டினேன்.
எதிர் புளோக்கில் யாரோ
பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.
நிமிர்ந்து பார்க்கவில்லை நான்.

மார்ச்சில் போனால்
என் காகிதத்துக்கு யாரோ
பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறார்கள்,
நான்கு மூலையும் டேப் ஒட்டி,
மழையில் நனையாதபடி.

செடிகள் இல்லை.
குழிகளை மூடி, மண்ணை மிதித்து,
மேலே புல் பத்தையும் பதித்திருந்தது.
எங்கள் ஒப்பந்தக்காரர்கூட
இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

செராய் மட்டும் ஒரு தூர் நின்றது.
ரஃபீக்குல் இயந்திரத்தை அதைச் சுற்றி
வட்டமாக ஓட்டியிருந்தான்.
ஏன் வெட்டவில்லை என்றேன்.
"புல், மேடம்."
அவனுக்குத் தெரிந்த பத்துத் தமிழ்ச் சொற்களில் ஒன்று அது.
வெட்டத்தானே சொல்லியிருக்கிறது என்றதற்கு
மீண்டும் சொன்னான், இன்னும் மெதுவாக,
"நல்ல புல்."

எலுமிச்சைப் புல் என்றுதானே
நாமும் அழைக்கிறோம்.
படிவத்தில் 'தாவரம்' என்ற இடத்தில்
புல் என்று எழுதினேன்.
அடுத்த கட்டம் உயரம்,
பதினைந்து சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.
தோகை என் இடுப்பைத் தொட்டது.

ஒரு தோகையை
நான்காக, ஐந்தாக,
முடிந்தவரை மடித்துப் பிடித்தேன்.
டேப்பை வைத்தான் ரஃபீக்குல்.
பதினான்கு.

அறுபத்து மூன்று பூட்டையும் பூட்டி முடித்தபோது
சாவிக்கொத்து முழுக்க அந்த வாசம்.
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
என்ன சமையல் என்றார்.
அலுவலகம் என்றேன்.