பக்கத்து வீடுகளின் சராசரி

தண்ணீர், மின்சாரக் கட்டணச் சீட்டு வந்தால்
தவமணி முதலில் தொகையைப் பார்ப்பதில்லை.
கீழே இரண்டு பட்டைகள் இருக்கும்:
ஒன்று எங்கள் வீடு,
மற்றது பக்கத்து வீடுகளின் சராசரி.
எங்களுடையது குட்டையாக இருக்க வேண்டும்.
சுண்டுவிரலை வைத்து அளப்பாள்.
"ஒரு நகம் குறைவு" என்பாள்,
ஏலத்தில் ஜெயித்தவள் குரலில்.

ஈசூன், ஒன்பதாவது மாடி, மூவறை வீவக வீடு.
அந்த ஒரு நகத்துக்காக
நாங்கள் பட்டது கொஞ்சமல்ல.
வெந்நீர்ப் பொத்தானை அணைத்துவிட்டுத்தான்
நான் சோப்புப் போட வேண்டும்;
குழாய்க்குள் மிச்சமிருக்கும் சூடு
எனக்கென்றே காய்ச்சியதாம்.
சலவை இயந்திரம் கடைசியாகத் துப்பும் தண்ணீர்
வாளியில் இரவெல்லாம் காத்திருந்து
காலையில் கூடத்தைத் துடைக்கும்.
பற்பசைக் குழலைக் கத்தரியால் பிளந்து
நான்கு நாள் ஓட்டியிருக்கிறோம்.
ஐந்தாம் நாளும் முயன்றேன்,
பிரஷில் வந்தது வாசனை மட்டும்.

இரவு எட்டரைக்கு மேல்
ரொட்டிப் பொட்டலங்களில் மஞ்சள் ஒட்டுவில்லை விழும்.
ஒட்டுகிற பையனுக்கு இவளைத் தெரியும்,
இவளுக்கு அவன் ஷிஃப்ட் தெரியும்.
பைக்கு ஐந்து காசு கேட்கும் இயந்திரத்திடம்
"வேணாம்" என்று வாய்விட்டே சொல்வாள்,
அதற்குக் காதில்லை என்று தெரிந்தும்.

நான் பேருந்து ஓட்டுபவன்.
முனையத்தில் எல்லாரும் கோப்பிக்கடைக்குப் போக
நான் பிளாஸ்க்கைத் திறப்பேன்.
ஒரேயொரு நாள், மழை,
ஒரு வெள்ளி நாற்பது கொடுத்துக் குடித்துவிட்டேன்.
வீட்டில் பையை வாங்கியவள் கேட்டாள்:
"பிளாஸ்க் ஏன் கனக்குது?"

ஏப்ரலில் யுவனேஷ் தேசிய சேவைக்குப் போனான்.
தெக்கோங்கிலிருந்து
தலை மழித்த படம் ஒன்று வந்தது.
மே மாதச் சீட்டில்
எங்கள் பட்டை இதுவரை இல்லாத அளவுக்கு விழுந்தது.
இரண்டு விரல்.
அளந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
அரிசியில் ஒரு குவளை குறைந்திருந்தது,
அரிசி கழுவிய நீர்
தாழ்வாரத்துக் கறிவேப்பிலைக்குப் போதவில்லை,
முட்டைகள் தேதி தாண்டியும் தட்டிலேயே இருந்தன.
"நல்ல மாசம்" என்றேன், வாய் தவறி.
அன்றிரவு எனக்கு
ரசம் மட்டும்தான்.

சனிக்கிழமை வந்தான்.
கறுத்து, முழங்கை உரிந்து,
பூட்ஸைக் கழற்றும்போதே பாதித் தூக்கத்தில்.
துணியெல்லாம் சேறு, இரண்டு சுற்றுச் சலவை.
முப்பத்தைந்து நிமிடம் குளித்தான்.
வெளியே பொத்தானின் சிவப்பு விளக்கு
எரிந்துகொண்டே இருந்தது.
பழக்கத்தில் என் விரல் நீண்டது.
தவமணி அதைத் தட்டிவிட்டாள்.

குளிர்சாதனத்துக்கு இந்த வீட்டில் சட்டம் உண்டு:
இருபத்தாறு, இரண்டு மணிநேரம்,
பிறகு மின்விசிறி.
நள்ளிரவில் எழுந்து அவன் அறைக்குப் போனாள்.
அணைக்கத்தான் போகிறாள் என்று பின்னாலேயே போனேன்.
ரிமோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
இருபத்தைந்து, இருபத்துநான்கு,
ஒவ்வொரு 'பீப்'புக்கும் மூச்சைப் பிடித்தபடி
இருபத்துமூன்று வரை இறக்கினாள்.
நேரக்கணக்கை நீக்கினாள்.
வெளியே வந்து கதவைச் சாத்தி
அடியில் இருந்த இடுக்கில்
பழைய துண்டொன்றைச் சுருட்டி அடைத்தாள்.
குளிர் வீணாகக் கூடாதல்லவா.

அடுத்த சீட்டில் பட்டை எழுந்து
சராசரியின் தோளைத் தொட்டு நின்றது.
விரலை வைக்கவில்லை அவள்.
உறையைப் பசை விட்டுப் பிரித்து
உட்பக்க வெள்ளையில் பட்டியல் எழுதினாள்:
முட்டை முப்பது. கோழித்தொடை.
மைலோ, பெரிய டின்.
கடைசியில் சின்னதாக
பற்பசை என்று எழுதி,
குளியலறைக்குப் போய் எதையோ அழுத்திப் பார்த்து வந்து
அடித்துவிட்டாள்.