விரல்நுனி ஒன்று

உப்புவெளி ஹோட்டலில்
ஒரு நாளைக்கு நூற்றிருபது படுக்கை விரிப்பு.
குளோரின் என் கையை முதலில் வெளுத்தது,
பிறகு பிளந்தது.
விரல் மடிப்பெல்லாம்
பாண் துண்டின் ஓரம்போலப் பொருக்கு.

கன்னியாவுக்குப் போ,
ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்று என்றார்கள்.
போனேன்.
நாலாவது கிணற்றுச் சூடு
ஐந்து நிமிடம் சொர்க்கம்.
இரவு முழுக்கச் சொறிந்தேன்.
விடிய என் சொந்த விரிப்பில் இரத்தப் புள்ளிகள்.
அதையும் நான்தான் தோய்த்தேன்.

செவ்வாய்க்கிழமை தோல் கிளினிக்.
இலக்கம் அறுபத்திநாலு.
டொக்டர் றிஸ்மியா என் கையைத் திருப்பித் திருப்பி
தூரத்திலிருந்து வந்த கடிதத்தைப்போல வாசித்தார்.

ரியூப்பும் துண்டுச்சீட்டும் வாங்கிக்கொண்டு
பஸ் நிலையத்தில் நின்றேன்.
மானொன்று வந்து
பையில் நீட்டிக்கொண்டிருந்த துண்டுச்சீட்டை இழுத்தது.
எறும்பெழுத்தில் எத்தனை எச்சரிக்கை!
எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிட்டு
பக்கத்து ஆளின் பனிஸைப் பார்க்கப் போனது.

மிஞ்சியது டொக்டர் வாயால் சொன்னதுதான்:
சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரைக்கும்
ஒரு கோடு பிதுக்குங்க.
ஒரு கைக்கு, முன்னும் பின்னும், அது போதும்.
சிவந்த இடத்துக்கு மட்டும்.
முகத்துக்கு வேண்டாம்.
ரெண்டு கிழமை. பிறகு வந்து காட்டுங்க.
வசிலின் வேறு, இது வேறு,
இடையில் அரை மணித்தியாலம் விடுங்க.
தோய்க்கும்போது உள்ளே பருத்திக் கையுறை,
மேலே ரப்பர்.
"வேற இடத்துக்குப் பூசினா
பூசின கையைக் கழுவச் சொல்லுவன்.
உங்களுக்குக் கையிலேயே வருத்தம்.
கழுவாதீங்க."

ஒன்பது வருசத்தில்
கழுவாதே என்று எனக்குச் சொன்ன
முதல் மனுசி.

ஆனாலும் பயந்தேன்.
ஸ்டீரொயிட் என்றதும்
லோண்டறி மனேச்சர் புருவத்தை உயர்த்தினார்:
எலும்பு உருகுமாம், முகம் ஊதுமாம்,
அவருடைய மச்சானுக்குத் தெரிந்த யாருக்கோ.
குண்டூசித் தலையளவு,
இரண்டு நாளைக்கொரு தடவை,
திருடிய பொருளைப்போல மறைத்து மறைத்துப் பூசினேன்.
வெடிப்பு என்னை நம்பவில்லை.
அப்படியே கிடந்தது.

யூடித்துக்குப் பயமில்லை.
அயன் மேசையில் எனக்கு எதிரே நிற்பவள்.
தை மாதம் கலியாணம்.
லேபல் இல்லாத டப்பியில் வெள்ளைக் கிறீம்,
மூன்று மாதம், இரவிரவாய், முகம் முழுக்க.
முதல் மாதம்
என்ன பூசுகிறாய் என்று எல்லோரும் கேட்டோம்.
நானும் கேட்டேன்,
அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.
டப்பி முடிந்து நாலாம் நாள்
கன்னம் பழுத்த ஜம்பு.
அயன்பெட்டி ஆவி முகத்தில் பட்டாலே
கண்ணீர் வருகிறது.

"உன்ர ரியூப்பைக் கொஞ்சம் தா,
ஆஸ்பத்திரி மருந்துதானே."

ஒரே சோற்றுப் பார்சலில்
ஒன்பது வருசம் பிசைந்து தின்ற கை என்னுடையது.
மூடியைத் திருகி இறுக்கினேன்.
பின்னேரம் முழுக்க
அவள் தலையணை உறைகளோடுதான் பேசினாள்.

அடுத்த செவ்வாய்
எழுபத்தொன்று நான், எழுபத்திரண்டு அவள்.
டொக்டர் ஏசவில்லை.
வெறும் டப்பியை முகர்ந்து பார்த்து
கடித உறைக்குள் போட்டு ஒட்டினார்.
யூடித்தின் கன்னத்தைத் தொடாமல்
நெடுநேரம் பார்த்தார்.
ஆறும், ஆனால் மாதக்கணக்காகும் என்றார்.
தை எத்தனை நாள் என்று
யூடித் விரல் மடித்து எண்ணினாள்.
பிறகு என் பக்கம் திரும்பி
"நீங்க பூசவே இல்ல, என்ன?" என்றார்.
பதில் சொல்ல வாய் வரவில்லை.
ஒருத்திக்கு அளவு மிஞ்சியும்
ஒருத்திக்கு அளவு எட்டாமலும்
ஒரே வாங்கில் இருந்தோம்.

திரும்பும் பஸ்ஸில்
அலஸ்தோட்டம் வரைக்கும் யூடித் பேசவில்லை.
இறங்குமுன்
தன் சுட்டுவிரலை என் சுட்டுவிரலோடு வைத்து
நுனியிலிருந்து முதல் ரேகை வரைக்கும் அளந்தாள்.
அவளுடையது
ஒரு நெல்லளவு நீளம்.