அறையைச் சுற்றிக் காட்டவும்

விடிகாலை ஐந்தே முக்கால்.
பர்கூரில் எங்கள் தெருவுக்கு
சிக்னல் ஒழுங்காக வருவது அப்போதுதான்.
"லேப்டாப்பைத் தூக்கி
அறையைச் சுற்றிக் காட்டவும்" என்றது
எந்த ஊரிலிருந்தோ ஒரு குரல்.

காட்டினேன்.

சுவரோரம் ஏழு மூட்டைப் புளி.
ஊரடங்குக்கு நடுவே
பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து
பால் வண்டியில் ஏறி வந்தது.
அதன் மேல் பாரமாக
எங்கள் கிரானைட் கம்பெனியின் சாம்பிள் பலகை,
இத்தாலிக்குப் போயிருக்க வேண்டியது.
கப்பல் கிடைக்காத கல் என்ன செய்யும்,
புளியை அமுக்குகிறது.

மேஜை என்று நான் சொல்வது
தையல் மெஷினின் மூடி.
அதில் தராசு, கம்பெனியின் ஜிஎஸ்டி காகிதங்கள்,
ஏற்றுமதி ஆவணங்கள் பற்றி நூற்றுப் பதினான்கு பக்கம்,
பக்கம் இரண்டு ரூபாய்க்கு எடுத்த பிரிண்ட்.
"அதை அப்புறப்படுத்துங்கள்."
கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

கட்டிலில் திம்மராஜ்,
போர்வைக்குள் இருமலை விழுங்கிக்கொண்டு.
பதினோரு வருடம் கல் அறுத்த தூசி, வேறொன்றுமில்லை
என்று தெருவுக்கே விளக்கியாயிற்று.
குரலுக்கும் சொன்னேன்.
"அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது."
போர்வையோடு எழுந்து
மாட்டுக்கொட்டகைக்குப் போனார்.

பகலில் கம்பெனிக் கணக்கு:
சம்பளம் பாதி, பில் முழுசு.
மாலையில் புளி.
ஜன்னலுக்கு வெளியே நின்று
முகக்கவசத்துக்குள்ளேயே பேரைச் சொல்வார்கள்,
அரைவாசிதான் காதில் விழும்.
பதினொன்றுக்கு மேல் பாடம்.
வீடியோவில் ஆசிரியர் "லெட்டர் ஆஃப் கிரெடிட்" என்பார்,
நான் ஒரு கொட்டையைத் தட்டி எடுப்பேன்,
"பில் ஆஃப் லேடிங்" என்பார், இன்னொரு கொட்டை.
பாடத்தின் முதல் பக்கம்
இதற்கு முன்னேற்றம் என்று பேர் வைத்திருந்தது.
நான் எழுதியிருந்தால்
தூக்கம் விற்ற வரவு என்று எழுதியிருப்பேன்.

"உள்ளங்கையைக் காட்டுங்கள்."

இடது கையில் நீல மை. ஆறு வரி.
"காப்பி அடிக்கவா?"
இல்லை சார், ஆர்டர்.
நோட்டு எட்டவில்லை, ராத்திரி கையில் எழுதிக்கொண்டேன்.
ஜெகதேவி ஒரு கிலோ.
காரகுப்பம் அரை.
ஒப்பதவாடி ஒன்றரை, கொட்டையோடு.
"போதும், போதும்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அந்தப் பக்கமும் ஒரு சேவல் கூவியது.
"புரியுதும்மா. ஆனா கழுவிட்டுதான் வரணும்."
நான்கு நிமிடம் தந்தார்.

சோப்புக்குப் போகவில்லை.
ஒரு மூட்டையை அவிழ்த்து
புளியைப் போட்டுத் தேய்த்தேன்.
பளிச்சென்று போய்விட்டது.

எழுபத்தொரு மதிப்பெண்.
கம்பெனி வாழ்த்து அனுப்பியது,
பூங்கொத்துப் படத்தோடு.
சம்பளம் அதே பாதி.

அழிந்துபோன ஆர்டர்கள் தாமாகவே வந்தன.
"புளி கேட்டு நாலு நாளாச்சு,
வியாபாரம் பண்ற லட்சணமா இது?"
ஒப்பதவாடி திட்டியது.
ஜெகதேவி சிரித்துக்கொண்டே திட்டியது.
ஐந்து பேர் கூப்பிட்டார்கள்.

ஆறாவது,
இரண்டு கிலோ, கொட்டை நீக்கியது.
அளவு நினைவிருக்கிறது, பேர் இல்லை.
அது மே மாதம்.
கூப்பிடாதவர்களைப் பற்றி
யாரும் யாரிடமும் கேட்காத மே மாதம்.

பொட்டலம் கட்டித் தனியாக வைத்தேன்.
கேட்டு வந்தவர்களுக்குச் சரக்கு இல்லை என்றேன்,
கண்ணெதிரே இருக்கும்போதே.

கம்பெனி ஆடிட்டர், என் புளிக் கணக்கையும்
காசு வாங்காமல் பார்த்துக் கொடுப்பவர்,
மார்ச்சில் பேனாவை நிறுத்தினார்:
விற்கவும் இல்லை, இருப்பிலும் காட்டவில்லை,
இந்த இரண்டு கிலோ என்ன?

வர வேண்டியவர் வரவில்லை என்றேன்.

வாராக் கடன் என்று எழுதிக்கொண்டார்.
யார் யாருக்குப் பட்ட கடன் என்று
அவர் கேட்கவில்லை.