நாலு மில்லிமீற்றர்

ஹலிஃபாக்ஸில் ஓர் ஏற்றம்.
வானை ஓரக்கல்லோடு நிறுத்தி
சில்லை மதில் பக்கம் திருப்பிவிட்டு
பெட்டியோடு இறங்கினேன்.
கதவில் இரண்டு மணி.
கீழ்மணி நோரீன். மேல்மணி கிளிஃபோர்ட்.
அக்காவும் தம்பியும்.
பொயிலர் மட்டும் ஒன்று,
படி பாதியில் திரும்பும் இடத்து அலுமாரிக்குள்.

அட்டையில் என் பெயரைப் பாதிவரை வாசித்து
விட்டுவிட்டா நோரீன்.
ஆறு நாளாய்ச் சூடில்லை என்றா.
ஒன்பது, என்றது மேலிருந்து ஒரு குரல்,
எனக்கு.

முதல் வந்தவன் எழுதிப்போன கடதாசி
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ்:
புதுப் பொயிலர், இரண்டாயிரத்து எழுநூறு பவுண்ஸ்.
பாதியை அவன் தரட்டும், என்றா.
பாதியை அவள் தரட்டும், என்றார்.
இரண்டு பாதியும் வரவில்லை.
அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து
முறைவைத்துக் குளித்திருக்கிறார்கள்,
அவ காலையில், அவர் இரவில்.

மூடியைக் கழற்றி
காஸை அடைத்துவிட்டு ஓடவிட்டேன்.
விசிறி எழும்பியது. பிறகு
டிக் டிக் டிக் டிக்.

பல்லி சொன்னால் திசை பார்த்துப் பலன் சொல்லும் சாதி நாங்கள்.
காது வைத்தேன்.
வலப்பக்கம், மேலே சொல்லவேண்டிய பல்லி
இடப்பக்கம், கீழே சொல்லிக்கொண்டிருந்தது.

விளக்கை அணையுங்கோ.
கீழ்விளக்கு அணைந்தது.
மேல்விளக்கை அவனிடம் கேள், என்றா.
கேட்டேன்.

டிசம்பரில் நாலரைக்கே இரவு.
அவ கீழிருந்து நாலு படி ஏறி வந்தா.
அவர் மேலிருந்து மூன்று படி இறங்கினார்.
நடுவில் நான், முழங்காலில்.

அப்போதுதான் தெரிந்தது.
சிவப்புச் சிலிக்கன் கேபிள் வளையும் இடத்தில்
நகக்கண் அளவில் ஒரு வெடிப்பு.
அதற்குள்ளிருந்து நீலமாய் ஒன்று
தகரத்துக்குத் தாவியது.
திரும்பவும் தாவியது.
போகவேண்டிய இடம் ஒரு முழம் தள்ளி இருக்க
கிட்டக் கிடைத்த இரும்பில் போய் விழுந்து விழுந்து
செத்தது.

முனைக்கும் முனைக்கும் இடையே
நாலு மில்லிமீற்றர் விட்டுத்தான் செய்கிறார்கள்.
ஒட்டிவைத்தால் பொறி இல்லை.
அந்த வெளியைத் தாண்டும்போதுதான் நெருப்பு.
இதை நான் சத்தமாய்ச் சொல்லவில்லை.
டோர்ச்சைப் பல்லில் கடித்திருந்தேன்.

வடிவாய்த்தான் இருக்கு, என்றார் கிளிஃபோர்ட் இருட்டுக்குள்.
ம், என்றா நோரீன்.
யாருக்கென்று தெரியாது.

புதுக் கேபிள் பதினாறு பவுண்ஸ்.
வானில் இருந்தது.
ரப்பர்த் தொப்பியைத் திருகி இழுத்தேன்,
விரல்மூட்டுத் தோலோடு கழன்று வந்தது.
உரசிய விளிம்பில் சாந்துப்பொட்டாய் ஒரு கரி.
துடைத்தேன், முழுக்கப் போகவில்லை.
கிளிப்பை அப்பால் வளைத்து
புதியதை எதிலும் படாமல் கொண்டுபோய்
அழுத்தினேன்.
அடைப்பு நாடாவை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்து
மூடியைப் பூட்டி
காஸைத் திறந்தேன்.

டிக்.
டிக்.
மூன்றாவது வரவில்லை.
அதன் இடத்தில், அடிவயிற்றில் மூச்சு எடுப்பதுபோல்
ஒரு சுவாலை.

புகைக்குழாயில் மீற்றரைச் செருகி
இலக்கங்கள் அடங்கும்வரை நின்றேன்.
சுவருக்குள் குழாய்கள் நெட்டிமுறித்தன.
கீழே ஒன்று. பிறகு மேலே.

கூலியோடு எண்பத்தாறு.
இரண்டாய்ப் பிரித்து எழுதவா?
நாற்பத்துமூன்று மேலிருந்து வந்தது.
கீழிருந்து நாற்பத்தைந்து, மிச்சம் வேண்டாமாம்.

பழைய வயரைத் தந்துவிட்டுப் போ, என்றா நோரீன்.
பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
வெடிப்பைத் தேடி
பெருவிரலால் வளைத்து வளைத்துப் பார்த்தா.

உனக்கெதுக்கு அது?
கிளிஃபோர்ட்.
நான் அண்ணாந்தேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.

உனக்கென்ன, என்றா.

ஸ்குரூடிரைவர்களை எண்ணிப் பெட்டிக்குள் போட்டேன்.
ஒன்று குறைந்தது.
திரும்பிப் போய்க் கேட்கவில்லை.
இரண்டு குரலும் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன,
எந்த நாளிலிருந்து சூடில்லை என்று.
வெளியே வந்து
சில்லை நேராக்கி
முதல் கியரில் இறங்கினேன்.